இன்ஜினைச் சுற்றி ஒரு கணக்கு

"என்ன இன்ஜின் போடலாம்ணா?" தருமபுரியில் ஜீப் பட்டறை வைத்திருக்கும் அந்த மெக்கானிக்கிடம் இன்ஜின் மாற்ற வருகிற எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். அவர் உடனே பதில் சொல்வதில்லை. நீளமான கணக்கு நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, தலைப்பில் வண்டி எண்ணை எழுதி, முதல் வரியில் 'ஆர்சி' என்று போடுவார். அடுத்தடுத்த வரிகளில் கியர்பாக்ஸ், ஆக்சில், மவுண்டிங், ரேடியேட்டர், வயரிங், பிரேக். இன்ஜின் என்ற சொல் பக்கத்தின் அடியில்தான் வரும். இன்ஜின் மாற்றும் வேலையில் இன்ஜினுக்கு ஆகும் பணத்தைவிட அதைச் சுற்றி ஆகும் பணமே அதிகம் என்பது அவர் கைப்படக் கற்றது. பட்ஜெட்டை இன்ஜினில் தொடங்குகிறவன் பாதி வழியில் கடன் வாங்குவான் என்று உறுதியாகச் சொல்வார்.

அவர் தொழில் கற்றது ஏல ஜீப்புகளின் காலத்தில். மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. பிறகு வந்த சிஜே 3பி மாடல், 2.2 லிட்டர் ஹரிகேன் பெட்ரோல் இன்ஜினோடு பல பத்தாண்டுகள் ஓடியது. தாலுகா ஆபீஸ், வனத்துறை, காவல் நிலையம் என்று எங்கு பார்த்தாலும் அந்த ஜீப்தான். அரசு கழித்துவிட்ட ஜீப்புகள் ஏலத்துக்கு வந்தபோது வாங்கியவர்கள் விவசாயிகளும் சிறு வியாபாரிகளும். பாலக்கோட்டுத் தக்காளியையும் பென்னாகரத்துச் சந்தைச் சரக்கையும் ஏற்ற, அரூர் பக்கம் சித்தேரி மலைக்கு ஆள் கொண்டுபோக அதைவிட நல்ல வண்டி கிடையாது. ஆனால் பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாது. டீசல் விலை அப்போது பெட்ரோலைவிட வெகுவாகக் குறைவு. ஆகவே ஹரிகேனை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றுவது தமிழ்நாட்டு ஜீப் பட்டறைகளின் தினசரி வேலையாகவே ஆனது.

என்னென்ன டீசல் கிடைத்தது? மகிந்திராவே தன் ஜீப்பில் இரண்டு வழிகளைக் காட்டியிருந்தது. ஒன்று, இன்டர்நேஷனல் டிராக்டர் இன்ஜினின் வழியில் வந்த டீசல். மற்றது, 1980களில் எம்எம் 540 ஜீப்பில் வந்த 2112 சிசி பியூஜோ டீசல். மூன்றாவதாக பஜாஜ் டெம்போவின் ட்ராக்ஸில் ஓடிய ஓஎம் 616. மெர்சிடிஸ் பென்ஸ் வடிவமைத்த 2399 சிசி இன்ஜின் அது. பட்டறைக்காரர்கள் மத்தியில் எது சிறந்தது என்ற வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. நம் மெக்கானிக் பியூஜோ கட்சி. ஜீப்பின் முன்பக்கத்தில் அதிகம் வெட்டாமல் உட்காரும், பாகம் கிடைக்கும், மகிந்திரா ஏற்கெனவே அதே சேசிஸ் குடும்பத்தில் அதைப் பொருத்திக் காட்டியிருக்கிறது என்பவை அவர் வாதங்கள். மூன்றாவது வாதம்தான் கனமானது. தொழிற்சாலை ஒருமுறை செய்து பார்த்த ஜோடியைப் பின்பற்றினால் மவுண்டிங் பிராக்கெட், ரேடியேட்டர் ஹோஸ், கிளட்ச் செட் எல்லாம் கடையில் வாங்கும் பொருளாகிவிடும். தானே புது ஜோடி கண்டுபிடித்தால் ஒவ்வொன்றையும் லேத்தில் நின்று கடைய வேண்டும்.

டீசல் ஏற்றியதும் முதலில் தெரிவது வேகம் குறைவது. ஏன் என்பதை அவர் வாடிக்கையாளர் முன்னாலேயே பெருக்கிக் காட்டுவார். பழைய ஜீப்பின் ஆக்சில் விகிதம் 5.38. அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் 5.38 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். 6.00-16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் உருளும். பெட்ரோல் இன்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்றுப் போனால், டாப் கியரில் மணிக்கு 98 கிலோமீட்டர் கிடைக்கும். 3200 சுற்றோடு மூச்சு முட்டும் டீசலைப் போட்டால் அதே ஆக்சிலில் 78தான். எந்த இன்ஜினைப் போட்டாலும் இந்தப் பெருக்கல் மாறாது. வேகம் வேண்டுமென்றால் ஆக்சிலில் கிரவுன் பினியனை மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஐந்தாவது கியர் உள்ள கியர்பாக்ஸ் வேண்டும். ஐந்தாவது கியரின் விகிதம் 0.8 என்றால் பழைய 98 திரும்பக் கிடைக்கும். இரண்டில் எதைச் செய்தாலும் அது தனிச் செலவு. இன்ஜின் விலையை மட்டும் கேட்டு வந்தவர் நோட்டில் இந்த வரியைப் பார்த்ததும் சற்று நேரம் பேசமாட்டார்.

அடுத்தது அதிர்வு. ஹரிகேனின் அழுத்த விகிதம் 7-க்கு 1 என்ற அளவை ஒட்டியது. அந்தக் கால டீசல்களில் அது 20-ஐத் தாண்டும். ஒவ்வொரு முறை எரியும்போதும் விழும் அடி வேறு. பெட்ரோலுக்கென்று சேசிஸில் பற்றவைத்த பிராக்கெட்டில் டீசலை உட்கார வைத்தால், சில மாதங்களில் வெல்டிங் ஓரத்தில் தலைமுடி போல விரிசல் ஓடும். பிராக்கெட்டைச் சேசிஸோடு நேராக ஒட்டவைக்காமல், அடியில் அகலமான தகடு போட்டு, தகட்டின் மூலைகளை வளைவாக வெட்டி, சுற்றி வெல்டிங் கொடுப்பது அவர் வழக்கம். சுமை ஒரு கோட்டில் விழாமல் பரவட்டும் என்பதற்காக. ரப்பர் மவுண்டை மட்டும் புதிதாகத்தான் வாங்குவார். பழைய வண்டியில் கழற்றிய ரப்பரைத் திரும்பப் போடும் பட்டறைகளைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். மொத்தச் செலவில் அது சிறு தொகை. அதை மிச்சம் பிடித்தால் சேசிஸ் போய்விடும்.

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் இடம் இன்னும் நுட்பமானது. வேறு வேறு கம்பெனிப் பொருள்களை இணைக்க நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் வேண்டும். ஒருபக்கம் இன்ஜினின் போல்ட் துளைகள், மறுபக்கம் பெல் ஹவுசிங்கின் துளைகள். பார்க்க எளிது. ஆனால் கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலே பைலட் பேரிங் கத்த ஆரம்பிக்கும், கிளட்ச் நடுங்கும், நாளடைவில் கியர்பாக்ஸின் முன் பேரிங் போகும். ஆகவே ஃப்ளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, கிராங்கைக் கையால் சுற்றி, ஹவுசிங் துளையின் உள்வட்டத்தில் முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்த பிறகுதான் டவல் பின் அடிப்பார். கிளட்ச் பிளேட்டின் பற்கள் கியர்பாக்ஸ் ஷாஃப்டோடும் வெளிவட்டம் ஃப்ளைவீலோடும் பொருந்த வேண்டும் என்பதால் பல நேரம் ஒரு வண்டியின் நடுப்பகுதியை இன்னொரு வண்டியின் தகட்டில் ரிவெட் அடித்துக் கலப்பு பிளேட் செய்ய வேண்டிவரும். பட்ஜெட்டில் 'லேத் கூலி' என்று ஒற்றை வரியில் போகும் செலவுக்குள் இத்தனை வேலை இருக்கிறது.

பெரிய நிறுவனங்களும் இந்தப் பாடத்தைப் படித்தவைதான். தன்னிடம் பழகும் பையன்களுக்கு அவர் மூன்று கார்களின் கதையைச் சொல்வார். மூன்றுமே வெளிநாட்டுக் கூட்டுக்குள் வேறு இன்ஜினை வைத்து விற்ற கார்கள். சொல்லப்போனால் கம்பெனியே செய்த இன்ஜின் மாற்றங்கள். 1985இல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ், பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காரின் உடலை வாங்கி ஸ்டாண்டர்டு 2000 என்று வெளியிட்டது. பிரிட்டனில் அந்த உடல் 3.5 லிட்டர் வி8 இன்ஜினோடு வந்த ஒன்று. இங்கே அதற்குள் போனது 1940களின் வான்கார்டு காரின் வழியில் வந்த 2 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜின். கையில் இருந்த இன்ஜின் என்பதுதான் அதைத் தேர்ந்தெடுத்த காரணம். அழகான கார், விலை அதிகம், உயிர் இல்லாத ஓட்டம். சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் கொண்டுவந்த கான்டெஸாவும் இதே தவற்றில் தொடங்கியது. வாக்ஸ்ஹால் விஎக்ஸின் பெரிய உடலுக்குள் அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜின், சுமார் 50 குதிரைத் திறன். பின்னால் ஐசூசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வந்த பிறகுதான் அந்தக் கார் பெயர் வாங்கியது.

மூன்றாவது பிரீமியர் 118 என்ஈ. ஃபியட் 124-இன் உடல், நிசானின் 1171 சிசி ஏ12 இன்ஜின். அவர் மெச்சுவது இதைத்தான். உடலின் எடைக்கு ஏற்ற இன்ஜின், அதோடு கியர்பாக்ஸும் நிசானுடையதே. இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றும் பிறந்த வீட்டிலிருந்தே சேர்ந்து வந்ததால் சண்டை இல்லை. வாய்ப்பு இருக்கும் இடத்தில் எல்லாம் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரிக்காதே என்பது அவர் பட்டறையின் சட்டம்.

இந்த அனுபவத்தோடு இருந்தவரிடம்தான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், கிட் கார் ஒன்றைக் கட்ட வேண்டும் என்ற ஆசையோடு வந்தார். கையில் குழாய்ச் சட்டத்தின் வரைபடமும் இணையத்தில் பார்த்த படங்களும். பழைய லோட்டஸ் செவன் வடிவம்: நீண்ட மூக்கு, கூரை இல்லை, கதவு இல்லை, இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். வேறொரு பட்டறை பாதி கட்டிக் கொடுத்த சட்டத்துக்குள் சின்னப் பெட்ரோல் இன்ஜின் ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டுப் பலமான இன்ஜின் போட வேண்டும். "எவ்வளவு ஆகும்ணா?" என்று கேட்டார். மெக்கானிக் நோட்டைத் திறந்தார்.

கிட் கார் என்பது தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் புதிதாக இருக்கலாம். பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கார். பிரிட்டனில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது பெரிய இயக்கமாகவே வளர்ந்தது. முழுக் காருக்கு அப்போது விற்பனை வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் இல்லை என்பது முக்கியக் காரணம். 1957இல் வந்த லோட்டஸ் செவன் அப்படித்தான் கேரேஜ் கேரேஜாகப் பரவியது. 1973இல் கேட்டர்ஹாம் நிறுவனம் அதன் உரிமையை வாங்கி இன்றும் செய்துகொண்டிருக்கிறது. ரான் சாம்பியன் என்ற ஆசிரியர் 250 பவுண்டில் விளையாட்டுக் கார் கட்டலாம் என்று 1996இல் ஒரு புத்தகமே எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றை வாங்கி, அதன் இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சிலை அப்படியே குழாய்ச் சட்டத்துக்கு மாற்றுவதுதான் அதன் உத்தி. ஒரே வண்டியிலிருந்து எல்லாவற்றையும் எடு என்ற அந்தக் கருத்து நம் மெக்கானிக்கின் கணக்கு நோட்டோடு அப்படியே ஒத்துப்போகிறது.

இந்தியாவிலும் முயற்சிகள் உண்டு. சிங்காரா மோட்டார்ஸ் 2000களின் தொடக்கத்தில் லோட்டஸ் செவன் சாயலில் செய்த ரோட்ஸ்டருக்கு அதே 1.8 லிட்டர் ஐசூசு இன்ஜினைத்தான் தேர்ந்தெடுத்தது. நமக்கு இன்னும் பக்கத்தில், கோவையின் எஸ். கரிவர்தன். அவர் 1980களின் இறுதியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று அறியப்பட்ட அந்தக் கார் இந்தியப் பந்தயத்தையே மாற்றியது. தெருவில் ஓடும் காரின் 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின். எந்த ஊரிலும் உதிரி பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைக்கலாம். வெளிநாட்டு இன்ஜினுக்குப் பணம் கட்ட முடியாத ஒரு தலைமுறை இளைஞர்கள் அதனால்தான் ஓட்டுநர் ஆனார்கள். 1995இல் விமான விபத்தில் கரிவர்தன் இறந்தார். செட்டிப்பாளையத்தில் 2003இல் திறந்த பந்தயத்தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிறகு வந்த எல்ஜிபி ஃபார்முலா பந்தயக் கார்களுக்குள் மாருதியின் 1.3 லிட்டர் இன்ஜின் வந்தது. இன்ஜின் மாறியும் உள்ளூரில் கிடைப்பதையே போடு என்ற கரிவர்தனின் கணக்கு மாறவில்லை. அந்தக் கணக்கில் ஒரு பெரிய அறிவு இருக்கிறது என்று நம் மெக்கானிக் மனம் விட்டுச் சொல்வார்.

ஓசூர் இளைஞருக்கு அவர் எழுதிய முதல் வரி, வழக்கம்போல, ஆர்சி. இந்தக் காருக்கு ஆர்சி கிடையாது; கிடைக்கவும் வழியில்லை. ஒரு புது வண்டி மாடல் சாலைக்கு வர வேண்டுமென்றால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி புனேயின் ஏஆர்ஏஐ, சென்னைக்கு அருகில் ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி போன்ற சோதனை நிலையத்தில் மாதிரி ஒப்புதல் வாங்க வேண்டும். மோதல், புகை, பிரேக், விளக்கு என்று வரிசையாகச் சோதனைகள். ஒரே ஒரு கார் கட்டுகிறவரின் பையில் அந்தப் பணம் இருக்காது. பழைய காரின் ஆர்சியை இந்தக் குழாய்ச் சட்டத்துக்கு ஒட்டிக்கொள்ளலாமே என்று யோசனை சொல்லும் தரகர்கள் உண்டு. அது சட்டப்படி குற்றம். அந்தப் பேச்சு பட்டறையில் எழுந்தால் நோட்டை மூடிவிடுவார்.

பதிவான வண்டிக்கும் விதி கண்டிப்பானதே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று வைத்தது. இன்ஜின் பழுதாகி அதே மாதிரி இன்ஜினை மாற்றுவதென்றாலும் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். மாற்றிய பின் ஆர்சியில் புது எண் ஏற வேண்டும். சிஎன்ஜி, எல்பிஜி, மின்சாரம் என எரிபொருள் மாறுவதற்கு ஒப்புதல் பெற்ற கிட் உண்டு; அந்த வழி திறந்திருக்கிறது. மற்றபடி, எண் பொருந்தாத இன்ஜினோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்க இடமுண்டு. ஏல ஜீப்புகளின் காலத்தில் பலரும் இதைப் பொருட்படுத்தவில்லை. இன்று அவர் ஆர்டிஓ ஆபீஸ் கடிதம் கையில் வராமல் எந்த ஜீப்பிலும் ஸ்பேனர் வைப்பதில்லை.

ஆகவே இளைஞரின் கார் பந்தயத்தடத்துக்கு மட்டும் என்று முடிவானது. இது பட்ஜெட்டைப் பல இடங்களில் திருப்பிப் போட்டது. ஹாரன், வைப்பர், புகைச் சான்று போன்ற செலவுகள் போயின. ரோல் பார், நான்கு புள்ளி பெல்ட், தீயணைப்பான், கில் சுவிட்ச், காரை ஏற்றிப்போக டிரெய்லர் ஆகியவை வந்தன. செட்டிப்பாளையத்திலோ சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலோ ஓட வேண்டுமானால் பாதுகாப்பு விஷயத்தில் சமரசம் கிடையாது. அந்தப் பணத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மிச்சம் இருப்பதில்தான் இன்ஜின் என்று மெக்கானிக் சொன்னபோது இளைஞரின் முகம் கொஞ்சம் வாடியது.

பிறகு இன்ஜின் தேடல். கார் எடை குறைவு என்பதால் பெரிய இன்ஜின் தேவையில்லை. தேவை நீளவாக்கில் உட்கார்ந்து பின் சக்கரத்தை ஓட்டும் அமைப்பு. இந்தியக் கார்களில் அதுவே அரிது. மாருதி 800-க்குப் பிறகு வந்த சிறு கார்கள் பெரும்பாலும் குறுக்கு இன்ஜின், முன் சக்கர ஓட்டம். மிஞ்சுவது சில. ஐசூசு 1.8 நல்ல இன்ஜின்தான், ஆனால் பின்னால் அதைச் சுமந்த அம்பாசிடரின் உற்பத்தியே 2014இல் நின்றுவிட்டதால் பாகங்கள் அருகிவருகின்றன. 118 என்ஈயின் நிசான் இன்ஜின் இன்று சேகரிப்பாளர் பொருள். ஈக்கோ வேன் இன்ஜின் எளிதில் கிடைக்கும். ஜிப்ஸியின் 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ, 80 குதிரைத் திறன், ஐந்து கியர். மெக்கானிக்கின் விரல் ஜிப்ஸியில் நின்றது.

அதற்கு ஒரு சிறப்புக் காரணம் இருந்தது. ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக, ஒரு குட்டி ஷாஃப்டால் இணைந்து நிற்கிறது. அதைக் கழற்றிவிட்டால் கியர்பாக்ஸிலிருந்து நேரே பின் ஆக்சிலுக்குப் போகலாம். வெட்டவோ ஒட்டவோ வேண்டாம். அந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் பெட்டி ஹை நிலையிலேயே சுமார் 1.4 மடங்கு வேகத்தைக் குறைக்கும். அது போனால் அந்தக் குறைப்பும் போகும். விகிதம் 4-க்குச் சற்றுக் கீழே உள்ள ஆக்சிலும் சிறிய டயரும் சேர்ந்தால் நான்காவது கியரில் 6000 சுற்றுக்கு மணிக்கு 160 கிலோமீட்டர் அளவில் வரும். பெட்டியை வைத்திருந்தால் 115-இல் நின்றுவிடும். ஆனால் ஜிப்ஸியின் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் குண்டு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், ஆகவே அந்த ஆக்சில் இந்தச் சட்டத்துக்கு உதவாது. நடுவில் குண்டு உள்ள வேறு ஆக்சில் வேண்டும். வாங்குவதற்கு முன்பே டேப் பிடித்து அளந்ததால் தெரிந்த விஷயம் இது.

இன்ஜினைத் தனியாக வாங்கவே கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் இன்ஜின் கிடைக்கும். ஆனால் எம்பிஎஃப்ஐ இன்ஜின் என்பது இரும்பு மட்டும் அல்ல. ஈசியூ, அதன் முழு வயரிங், சென்சார்கள், திராட்டில் பாடி, டேங்க்குக்குள் உட்காரும் பெட்ரோல் பம்ப், பூட்டும் சாவியும் இமொபிலைசரும் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். கார்புரேட்டருக்கு மெல்லிய அழுத்தத்தில் பெட்ரோல் போனால் போதும். இதற்கு 3 பார் அளவு வேண்டும். சாதாரண ரப்பர் குழாய் அந்த அழுத்தத்தில் வெடித்து சைலன்சர் மேல் பெட்ரோலைப் பாய்ச்சும். ஒயர்களை வெட்டி எடுத்த இன்ஜினைக் குறைந்த விலைக்கு வாங்கியவர் எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் கூலியில் அந்த இலாபம் கரைந்துவிடும். எனவே முறையாகப் பதிவு ரத்தான முழு வண்டியை ரசீதோடு வாங்கி, தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விற்பதே வழி. கதவு, சீட், டயர் விற்ற பணம் பட்ஜெட்டில் வரவாக ஏறும்.

அவர் பட்ஜெட்டை நூறு ரூபாய்க் கணக்கில் விளக்குவார். இன்ஜினும் கியர்பாக்ஸும் கொண்ட வண்டிக்கு முப்பது போகும். வாங்கிய இன்ஜினைத் திறந்து ரிங், பேரிங், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல், கிளட்ச் செட் மாற்றப் பதினைந்து. ஓடும் இன்ஜின் என்று விற்றவர் சொல்லை நம்பித் திறக்காமல் ஏற்றுவது அவர் பட்டறையில் இல்லை, ஏனென்றால் வெளியே கிடக்கும்போது மாற்றுவதற்கு ஆகும் கூலி, ஏற்றிய பிறகு பல மடங்கு. மவுண்டிங், புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிச் சேர்த்து பேலன்ஸ் பிடிப்பது, லேத் வேலை எல்லாம் பதினைந்து. ரேடியேட்டர், விசிறி, பெட்ரோல் லைன், சைலன்சர் பத்து. வயரிங் ஐந்து. பிரேக்கும் சஸ்பென்ஷனும் பத்து. இன்ஜினின் பலம் கூடினால் நிறுத்தும் பலமும் கூட வேண்டும். இந்த வரியை அடிக்க நினைக்கும் வாடிக்கையாளரிடம் அவர் வேலையே எடுப்பதில்லை. மிஞ்சும் பதினைந்தைத் தொடக்கூடாது. எங்கே போகும் என்று முன்கூட்டித் தெரியாது, ஆனால் போகும்.

செலவு செய்யும் வரிசையும் பட்ஜெட்டின் பாகம்தான். புதியவர்கள் பலர் முதலில் வாங்குவது பளபளக்கும் அலாய் வீல், பெரிய ரேடியேட்டர், ஸ்டீயரிங். இன்ஜின் எங்கே உட்காரும் என்று தெரியாமல் ரேடியேட்டர் வாங்கினால் விசிறிக்கு இடமிருக்காது. அவர் முறையில், முதலில் ஹெட்டும் மேனிஃபோல்டும் கழற்றிய வெறும் பிளாக்கைக் கியர்பாக்ஸோடு செயின் பிளாக்கில் தொங்கவிட்டுச் சட்டத்துக்குள் இறக்குவார். சம்ப் தரையிலிருந்து எவ்வளவு உயரம், ஸ்டீயரிங் ஷாஃப்ட் எக்ஸாஸ்ட்டைத் தொடுகிறதா, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்ற ஸ்பேனர் போகுமா, ஆயில் ஃபில்டரைக் கையால் எட்டமுடியுமா எல்லாம் அப்போதே பார்த்துவிட வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனைக் கோணங்களும் சமமாக, மூன்று டிகிரிக்குள் இருக்கும்படி கியர்பாக்ஸ் பக்கம் மரக்கட்டை முட்டுக்கொடுத்துச் சாய்வு வைப்பார். எல்லாம் சரி என்ற பிறகு மவுண்டிங்கைப் புள்ளி வெல்டிங் மட்டும் போட்டு, இன்ஜினை மீண்டும் வெளியே எடுத்துவிட்டு, முழு வெல்டிங். பெயின்ட் அடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. ஓசூர்த் தம்பிக்குப் பெயின்ட் நிறத்தில்தான் ஆசை அதிகம். காரை ஓட்டிப் பார்த்து, அவிழ்த்து, சரிசெய்த பிறகு பெயின்ட் அடித்துக்கொள்ளலாம் என்று மெக்கானிக் நிறுத்திவைத்தார்.

சூடு பார்ப்பது தருமபுரிக்காரருக்கு இயல்பாகவே வரும் வேலை. மாற்றிய ஜீப்பை அவர் தொப்பூர்க் கணவாயின் கீழிருந்து சேலம் பக்கத்து ஏற்றத்தில் சரக்கோடு ஏற்றிப் பார்ப்பார். கோடைப் பகலில் வெப்பமானியின் முள் ஏறாமல் மேலே வந்தால்தான் சாவியை ஒப்படைப்பார். பதிவில்லாத கிட் காரைச் சாலையில் ஏற்ற முடியாது. அதைப் பட்டறையிலேயே நிற்கவைத்து, மின்விசிறி தானே ஓடி நிற்பதைப் பல சுற்றுப் பார்த்து, குளிர்நீர்க் குழாயின் உயரமான இடத்தில் காற்று தங்காமல் வெளியேற்றி, பிறகு டிரெய்லரில் ஏற்றி அனுப்பினார். இன்ஜின் முன்னால் தாழ்ந்து உட்காரும் இந்த வகைக் கார்களில் ரேடியேட்டர் பெரும்பாலும் இன்ஜினைவிடக் கீழே நிற்கும். காற்றுக் குமிழ் ஹெட்டிலேயே மாட்டிக்கொள்ளும். நல்ல ரேடியேட்டர் போட்டும் இன்ஜின் கொதிக்கிறது என்று புலம்புகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் அது.

இன்று அவர் பட்டறைக்கு வரும் ஜீப்புகளில் பாதிக்கு மேல் எதிர்த்திசையில் போகின்றன. டீசல் இன்ஜினை இறக்கிவிட்டு, ஆர்சியில் உள்ளபடியே ஹரிகேனைத் திரும்ப ஏற்றக் கேட்கிறார்கள். பழைய ஜீப்புக்கு மதிப்புக் கூடிவிட்டது. பதிவுப் புதுப்பிப்புக் கட்டணமும் 2022 ஏப்ரலில் 15 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 600 ரூபாயிலிருந்து 5000 ஆக உயர்ந்தது. அந்தப் பணத்தைக் கட்டுகிறவர்கள் எண் பொருந்தும் வண்டியையே விரும்புகிறார்கள். ஆனால் அன்று இறக்கிய ஹரிகேன்களில் பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போய் உருகிவிட்டன. ஆகவே பழைய ஜீப்பும் பழைய காரும் வைத்திருக்கிறவர்களிடம் அவர் கேட்டுக்கொள்வது ஒன்றே. எந்த இன்ஜினை ஏற்றினாலும், இறக்கியதை விற்காதீர்கள். ஆயிலை வடித்து, பிளக் துளைகளில் கொஞ்சம் புது ஆயில் விட்டு, துளைகளையெல்லாம் அடைத்து, தார்ப்பாய் சுற்றிக் கொட்டகையின் ஒரு மூலையில் மரக்கட்டை மேல் வையுங்கள். ஆர்சி புத்தகத்தில் இருப்பது அந்த இன்ஜினின் எண்தான்.